அச்சிட்ட வானவில்: ‘பிரிண்டட் ரெயின்போ’ அசைவூட்டப் படத்தின் இரு நிற உலகங்கள்

தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு என்னும் சொற்களுக்கு வெகுளியை முதற்கண் பொருளாகக் கூறி, அவை நிறத்தையும் உணர்த்தும் என்பதை அடுத்து வைக்கிறது. உணர்ச்சியையும் நிறத்தையும் ஒரே சொல்லில் கண்ட இம்மரபு, அசைவூட்டப் படங்களின் வண்ணத் தேர்வை ஆராய்வோருக்குப் பெரிதும் பயன்படும். நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் வானத்தின் நிறம் ஓரளவு தானே வந்து அமைகிறது. அசைவூட்டப் படத்திலோ ஒவ்வொரு நிறமும் ஒருவர் தேர்ந்து இட்டதேயாகும்.

கீதாஞ்சலி ராவ் இயக்கிய ‘பிரிண்டட் ரெயின்போ’ (2006) இதற்குத் தக்க சான்று. கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் பரிசு பெற்ற, ஏறத்தாழ 15 நிமிடக் குறும்படம் இது. நகரக் குடியிருப்பில் பூனையோடு தனித்து வாழும் முதியவள், தான் சேர்த்து வைத்துள்ள தீப்பெட்டிகளின் மேலட்டைப் படங்களுக்குள் புகுந்து உலவுகிறாள். அவளது வீடு சாம்பல் பூத்தது. அட்டைக்குள் விரியும் உலகமோ நிறம் ததும்புவது. சாம்பல் தனிமையையும் வண்ணம் கற்பனையையும் குறிப்பதாக வாசிப்பது எளிது. அவ்வாசிப்பு தவறன்று, ஆனால் போதாது. படத்தின் பெயரே அச்சைச் சுட்டுகிறது. முதியவளின் வானவில் அவள் மனத்தில் தானே தோன்றியதன்று. காசு கொடுத்து வாங்கிய பண்டத்தின் மீது ஒட்டப்பட்டு வீட்டுக்குள் வந்தது. அவள் கனவின் எல்லையை அச்சுக்கூடத்து மையே வகுத்துவிடுகிறது.

சங்கரன்கோவிலிலிருந்து பார்த்தால் இப்படம் வேறாகத் தெரிகிறது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் எனத் தொடரும் நிலப்பரப்பு தீப்பெட்டித் தொழிலுக்குரியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில், மழை பொய்க்கும் இம்மண்ணில் வேரூன்றியது. மேலட்டைத் தேவையை ஒட்டிச் சிவகாசியில் அச்சுத்தொழிலும் வளர்ந்தது. குச்சி அடுக்கியவர்களும் பெட்டி ஒட்டியவர்களும் பெரும்பாலும் பெண்கள், நெடுங்காலம் சிறாரும். சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படம் அச்சிறாரைத் திரைக்குக் கொணர்ந்தது. முதியவளுக்குக் கனவாகும் வண்ணம், ஒட்டியவளுக்குக் குரோஸ் கணக்கில் கூலி. அந்த மூன்றாம் உலகத்திற்கு ராவின் படத்தில் நிறம் ஒதுக்கப்படவில்லை.

இதனை இயக்குநரின் குறையாக மட்டும் கொள்வது பொருந்தாது; முதியவளின் பார்வைக்கு எட்டாததைப் படம் காட்டாமலிருப்பது ஒரு வகையில் நேர்மையே. சிக்கல் முரணின் கட்டமைப்பில் இருக்கிறது. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருவுருவில் சிவனும் திருமாலும் ஓருடலில் பாதி பாதியாக நிற்கின்றனர். செம்மேனி, கருமேனி என மரபு பிரித்துரைக்கும் நிறங்களுள் எதுவும் அங்கு மற்றொன்றின் நிழலன்று. ‘பிரிண்டட் ரெயின்போ’வின் சாம்பலோ வண்ணத்தை உயர்த்திக் காட்டும் பின்னணியாகவே பெரிதும் நின்றுவிடுகிறது.

ராவின் முழுநீளப் படமான ‘பாம்பே ரோஸ்’ (2019) இவ்விடத்தில் மாறுகிறது. அதில் சிற்றோவியப் பாணியில் கனவு காண்பவள் தெருவில் பூ விற்கும் கமலா. உழைப்பவளுக்கே வண்ணம் கிடைக்கிறது. முதிய ஆங்கில ஆசிரியை தெருவில் நடக்கையில் நிகழ்காலத்தின் நிறங்கள் வடிந்து, பழைய பம்பாய் கறுப்பு வெள்ளையில் எழுகிறது. முன்பு தனிமைக்குரியதாக இருந்த நிறமின்மை, இங்கு ஒருத்தி திரும்பிச் செல்ல விரும்பும் இடமாகிறது.