பொற்பேழையும் தோற்சுருளும்

வாழ்த்துமடல் தமிழர்க்குப் புதிதன்று. மேடையில் ஒருவர் உரக்கப் படிப்பார். மாலை சூடியவர் தலைகுனிந்து கேட்பார். பின்னர் அது கண்ணாடிச் சட்டத்துள் அடங்கிச் சுவரேறும். சுவரேறிய பின் அதனை மறுமுறை படிப்பார் அரியர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நகரங்கள் கடற்படைத் தளபதிகளுக்கு அளித்த நகர உரிமைச் சுருள்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. சுருளைத் தாங்கிய பேழையின் வேலைப்பாட்டை வியப்போர் பலர். சுருளின் வாசகத்தை வாசகமாக எடுத்து எடைபோட்டோர் சிலரே.

நகர உரிமை தொடக்கத்தில் மதிப்புப் பட்டம் அன்று. இலண்டன் நகர எல்லைக்குள் கடைவைத்து வாணிகம் நடத்த ஒருவனுக்கு வேண்டியிருந்த உரிமமே அது. தொழிற்சங்கம் ஒன்றில் பயிற்சிக் காலத்தை முடித்தோ, தந்தைவழி உரிமையாகவோ, பணம் செலுத்தியோ அதனைப் பெறலாம். செருப்புத் தைப்பவனும் மெழுகுதிரி வணிகனும் பெற்ற அவ்வுரிமையே பின்னாளில் தளபதிகளுக்கு நீட்டப்பட்டது. வணிகர் பிறர்க்கு வழங்கத் தம்மிடம் வைத்திருந்த உயர்ந்த பொருள் அதுவே என எண்ணும்போது இவ்வழக்கில் ஓர் அழகு தோன்றாமற் போகாது.

ஆயின், வாசகத்தின் அழகு வேறு. வீரம், விவேகம், நாட்டுக்கு ஆற்றிய அருந்தொண்டு என்னும் சொற்கள் சுருளுக்குச் சுருள் மாறாமல் வருகின்றன. பெயரையும் நாளையும் மாற்றினால் ஒருவர்க்கு எழுதியது மற்றொருவர்க்கும் பொருந்தும். நகர எழுத்தர் கவிஞர் அல்லர். அவரிடம் கவிதையை எதிர்பார்ப்பது முறையுமன்று. உண்மையை எதிர்பார்ப்பது முறையே.

1739-இல் ஆறே கப்பல்களுடன் சென்று போர்ட்டோ பெல்லோவைக் கைப்பற்றிய வெர்னனுக்கு இலண்டன் நகரம் பொற்பேழையில் உரிமை வழங்கியது. அந்த ஆரவாரம் அடங்குமுன் 1741-இல் அவர் கார்த்தஹீனாவைத் தாக்கினார். நகரம் வீழ்ந்ததாகவே கருதி, எசுப்பானியத் தளபதி மண்டியிடுவதுபோல் பதக்கங்கள் வார்க்கப்பட்டன. கார்த்தஹீனாவோ வீழவில்லை.

கெப்பலின் வரலாறு இன்னும் நுட்பமானது. 1778 ஜூலை 27-ஆம் நாள் உஷாந்துத் தீவருகே நடந்த போரில் வெற்றி எவர்க்கும் வாய்க்கவில்லை. அவர்க்குக்கீழ்ப் பணியாற்றிய பாலிசர் சாட்டிய குற்றத்தின் பேரில் கெப்பல் படைமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, 1779 பிப்ரவரியில் விடுதலையானார். இலண்டன் மாநகரம் விளக்கேற்றிக் கொண்டாடியது. நகர மன்றம் பொன்னால் அணிசெய்த கருவாலி மரப் பேழையில் உரிமையை வழங்கியது. போர்க்கப்பல் கட்டும் மரத்தையே பேழைக்குத் தேர்ந்தெடுத்தவர் நுண்ணிய மனத்தினர் என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கே வென்றது எது? பிரெஞ்சுக் கப்பல்களை எதிர்த்த கெப்பல் அல்லர். அமைச்சரவையை எதிர்த்த கெப்பலே. நகரத்தின் அரசியல் சினம் கடல்வீரத்தின் உடையணிந்து பேழைக்குள் புகுந்தது. இச்சுருளைப் போர்ச் சான்றாகக் கொள்வோர் ஏமாறுவர். வாக்காளர் மனநிலைக்குச் சான்றாகக் கொள்வோர்க்கு இதைவிடச் சிறந்த ஆவணம் கிடைப்பது அரிது.

சொன்னதைப் போலவே சொல்லாததும் படிக்கத்தக்கது. 1797 பிப்ரவரி 14-இல் புனித வின்சென்ட் முனைப் போர் நடந்தது. ஜெர்விசும் நெல்சனும் நகர உரிமை பெற்றனர். அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் நங்கூரம் தூக்க மறுத்தனர். 1658 முதல் அவர்தம் ஊதியம் உயரவில்லை என்பது அவர்களது முதன்மையான குறை. அடுத்து நோரில் எழுந்த கிளர்ச்சியின் தலைவன் ரிச்சர்ட் பார்க்கர் ஜூன் 30-இல் தூக்கிலிடப்பட்டான். பீரங்கியருகே நின்றவர்க்குச் சுருளுமில்லை, பேழையுமில்லை. ஒரே ஆண்டின் இவ்விருவகை ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிக்காத ஆய்வு அரை ஆய்வேயாகும்.

நைல் வெற்றிக்குப்பின் நெல்சன், சரணடைந்த பிரெஞ்சுத் தளபதி பிளாங்கேயின் வாளை இலண்டன் மேயருக்கு அனுப்பினார். நகரம் 200 கினி மதிப்புள்ள வாளை அவர்க்களித்தது. கொடுக்கல் வாங்கல் இவ்வளவு செம்மையாக நடந்த இடத்தில், 1801-இல் கோப்பன்ஹேகன் போருக்கு மட்டும் நகரம் வாய்திறக்கவில்லை. தமக்கன்றித் தம்முடன் போரிட்டவர்க்கு நேர்ந்த அவமதிப்பாகவே நெல்சன் அதனைக் கருதினார்; மேயருக்கு எழுதியும் பயனில்லை.

இவ்வகை ஏடுகளுள் தலைசிறந்தது எதுவெனின், நகரம் எழுதியதன்று; நகரத்திற்கு எழுதப்பட்டதே. தூலோன் துறைமுகத்தை முற்றுகையிட்டமைக்காக நகர மன்றம் நெல்சனுக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 1804 ஆகஸ்டு 1-ஆம் நாளிட்ட மறுமொழியில், தாம் தூலோனை ஒருபோதும் முற்றுகையிட்டதில்லை என்று அவர் எழுதினார். பகைவர் வெளியே வருவதற்கு எல்லா வாய்ப்பையும் திறந்து வைத்திருந்ததாகவும், கடலில் அவர்களைச் சந்திப்பதே தம் நோக்கமென்றும் விளக்கினார். புகழ்ச்சியைப் பெற்றவரே அதன் பிழையைத் திருத்தி அனுப்புவது எளிய செயலா? அத்துடன் அவர் நிற்கவில்லை. துணைத் தளபதிகள் பிக்கர்ட்டன், கேம்பல் ஆகியோரின் பெயர்களைக் குறித்து, பதினான்கு மாதங்கள் கடலிலேயே தம்முடன் நின்றவர்கள் அவர்கள் என்று அதே மடலில் எழுதிச் சேர்த்தார்.