மூட்டு மாற்றிய முதல் வாரம்

2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். மூட்டின் விலைக்குக் கிடைத்த அக்கறை, அதைப் பொருத்திய பின் வரும் வலிக்குக் கிடைக்கவில்லை. திருச்சியில் இந்த அறுவை செய்துகொள்ளும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்குள்ள முதல் குறை இதுதான்.

மருத்துவமனைக்குள் வலியைக் கையாளும் முறை நிச்சயம் முன்னேறியிருக்கிறது. ஒரே மருந்தை நம்பாமல் பாரசிட்டமால், அழற்சியைத் தணிக்கும் மாத்திரை, மூட்டைச் சுற்றிப் போடும் மரப்பு மருந்து, நரம்பு ஊசி எனப் பல பக்கமும் அணை போடுகிறார்கள். மார்ஃபின் வகை மருந்து குறைவதால் வாந்தியும் மலச்சிக்கலும் முதியவர்களின் மனக்குழப்பமும் குறைகின்றன. முன்பு தொடை நரம்பையே மரக்கவைத்தபோது கால் வலுவிழந்து விழும் ஆபத்து இருந்தது. இப்போது தொடையின் உட்புறத்தில், சற்றுக் கீழே போடும் ஊசி தசையின் பலத்தைப் பெருமளவு காப்பாற்றுகிறது. அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஊசியின் பலன் பெரும்பாலும் ஒரு நாளில் தீர்ந்துவிடும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். முழங்கால்தான் வாரக்கணக்கில் படுத்தும். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தின் பழைய வீதி வீடுகளில் திண்ணைப் படி, நிலைவாசல், கொல்லைப்புறக் குளியலறை என்று அடிக்கு அடி காலைத் தூக்க வேண்டும். கையிலுள்ள சீட்டிலோ வலி மாத்திரைக்கு நேராக ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றிருக்கும். வலித்தால் மட்டும் போடு என்று பொருள். நம் பெரியவர்கள் வலித்தாலும் போட மாட்டார்கள். “பரவாயில்லை, பொறுத்துக்கறேன்” என்பார்கள். பிசியோதெரபிஸ்ட் வந்து முழங்காலை மடக்கச் சொன்னால் அலறுவார்கள். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கடியில் தலையணை வைத்துக்கொள்வார்கள். கால் முழுதாக நீள்வது தடைபடும். முதல் வாரங்களில் மடக்காத முழங்கால் இறுகிப்போகும். இங்கே பொறுமை நன்மை செய்வதில்லை.

மறுபக்கமும் உண்டு. சர்க்கரையும் பிபியும் உள்ளவர் பழைய சீட்டைக் காட்டி அழற்சி மாத்திரையை வாங்கிக்கொண்டே இருந்தால் சிறுநீரகம் கெடும்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மூட்டு மாற்றியவர்களின் முதல் வாரங்களுக்கும் அது உறுதியாகக் கிடைக்க வேண்டும். மருத்துவர்கள் வலியைப் படுக்கையில் கேட்காமல், நடக்கும்போது கேட்கட்டும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த நாளோடு நிறுத்துவது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுக்கட்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிந்தாலோ, வலி மாத்திரையை நம்பி வீட்டில் காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.