கை இல்லாத கையெழுத்து

சென்ற வருடம் எங்கள் ஊரில் மர்ஹூம் ஆசிரியர் ஒருவருக்கு நினைவு மலர் வெளியிட்டோம். முகப்பைக் கொம்பியூட்டரில் செய்த தம்பி, ‘நினைவில் நிற்பவர்’ என்ற தலைப்பைக் கையெழுத்துப் பாணி எழுத்துருவில் போட்டிருந்தார். “பாருங்க சேர், கையால எழுதின மாதிரியே இருக்கு” என்றார். பார்த்தேன். தலைப்பில் ‘நி’ இரண்டு தடவை வருகிறது. இரண்டும் மயிரிழையும் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. எந்த மனிதரின் கை அப்படி எழுதும்?

இவ்வகை எழுத்துருக்களை முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. 1994இல் மைக்ரோசொப்ட்டில் பணியாற்றிய வின்சென்ட் கொனேர், திரையில் ஒரு கார்ட்டூன் நாயின் பேச்சுக் குமிழியில் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தைக் கண்டார். பத்திரிகைக்குரிய எழுத்து நாயின் வாய்க்குப் பொருந்தவில்லை. சித்திரக்கதைப் புத்தகங்களைப் பார்த்து ‘கொமிக் சான்ஸ்’ எழுத்துருவை ஆக்கினார். குமிழிக்குள் அது நல்ல எழுத்துத்தான். 2012 ஜூலை 4இல் சேர்ன் ஆய்வுகூடம் ஹிக்ஸ் போசோன் தேடலின் முடிவை அறிவித்தபோது, விளக்கப்படங்களில் அதே எழுத்து வந்தது. பலர் கேலி செய்தார்கள். எழுத்தில் பிழையில்லை, வைத்த இடந்தான் பிழை.

இந்த இடமறிதல் நமக்குப் புதிதல்ல. அரபு எழுத்தில் குர்ஆன் பிரதிகளுக்கு நஸ்க் பரவலானது. அன்றாடக் கடிதத்துக்கு விரைந்தெழுதும் ருக்ஆ இருந்தது. கடித எழுத்தில் முஸ்ஹபை எழுதும் வழக்கமில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. கு, டு, மு, ரு என உகர, ஊகார வரிசைகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைய வேண்டும். ஓரெழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வரைந்து, அவை மாறி மாறி வரச் செய்யும் வசதி இன்றைய எழுத்துருத் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. ஆனால் வேலை இரண்டு மூன்று மடங்காகும். அதனால் ஒரே வடிவமே திரும்பத் திரும்ப வருகிறது. கல்யாண அழைப்பிதழில், கடைப் பலகையில் அது உறுத்தாது. கவிதைத் தொகுதியின் முகப்பிலும் நினைவு மலரிலும் உறுத்தும். அங்கே கையெழுத்து என்பது அலங்காரமல்ல, ‘இதை ஒருவர் எழுதினார்’ என்ற சாட்சி. எழுதாத கைக்குச் சாட்சி சொல்வது பொய்ச்சாட்சிதானே?

தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் வேறு எதையும் நாங்கள் கொடுக்கவில்லை. பிறகுதான் மர்ஹூமின் பாடக்குறிப்புக் கொப்பியை அவருடைய மகளிடம் கேட்டு வாங்கினோம். அவர் தன் கையால் எழுதிய பெயரை ஸ்கேன் செய்து முகப்பில் வைத்தோம். தலைப்பைச் சாதாரண அச்செழுத்தில் போட்டோம். எழுத்து சற்றுக் கோணல், மையும் மங்கல். வெளியீட்டன்று பழைய மாணவர் ஒருவர் முகப்பைப் பார்த்ததும், “இது சேர்ட எழுத்தல்லவா!” என்றார்.

நம் வீட்டு அலுமாரிகளில் இப்படி எத்தனையோ கொப்பிகள் கிடக்கின்றன. மலர் போடுபவர்கள் எழுத்துரு தேடுமுன் அவற்றைத் தேடட்டும்.