கை தூக்காத பிள்ளைகள்

நீங்கள் டீச்சரா? 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் முன்பெஞ்ச் நாலு பேர்தான் தலையாட்டுவார்கள். மற்றவர்கள்?

இதற்குத்தான் 'பிளிக்கர்ஸ்' செயலி. பிள்ளைகளுக்கு போன் வேண்டாம்; ஆளுக்கொரு காகித அட்டை. ஏ, பி, சி, டி-யில் எது விடையோ, அது மேலே வரும்படி திருப்பிப் பிடிக்கணும். டீச்சர் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால், யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். அட்டைக்கு அட்டை கோலம் வேறு, எழுத்தும் பொடிசு. காப்பியடிப்பது சுலபமில்லை!

நார்வேயிலிருந்து 2013-ல் வந்த 'கஹூட்' வினாடி வினாவில் கலகலப்பு அதிகம்தான். ஆனால் வழக்கமான ஆட்டத்தில், சீக்கிரம் அமுக்குகிறவனுக்கே கூடுதல் பாயின்ட். யோசித்துச் சரியாகச் சொல்கிற பெண் பின்னால் போய்விடுகிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிளிக்கர்ஸிலும் குறை உண்டு. விடை தப்பு என்று காட்டும்; ஏன் தப்பு என்று சொல்லாது. அதை நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கணும்.