சோப்புக் கரைசல் அடிக்க எந்த ஸ்பிரேயர்?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் சோப்புக் கரைசல் செய்முறை ஆளுக்கொன்று இருக்கும். அதை எதில் ஊற்றி அடிப்பது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. சோப்பு விஷயத்தில் கருவிதான் பாதி மருந்து. செடிக்குள் ஊடுருவி நாள்கணக்கில் தங்கும் பூச்சிக்கொல்லிகள் உண்டு. சோப்பு அந்த வகை இல்லை. ஈரமாக உடம்பில் பட்டால் பூச்சியின் மேல்தோல் மெழுகைக் கரைத்து, செல் சவ்வைச் சிதைத்து, உலரவைத்துக் கொல்லும். காய்ந்துவிட்டால் அதற்கு வேலையில்லை. படாத பூச்சி பிழைத்துக்கொள்ளும். அசுவினி, வெள்ளை ஈயின் குஞ்சுகள், செஞ்சிலந்தி எல்லாம் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே எட்டாத ஸ்பிரேயரால் பயனில்லை.

இந்தக் கணக்கோடு நான் பயன்படுத்திப் பார்த்தது, நர்சரிகளில் கிடைக்கும் 2 லிட்டர் பிரஷர் ஸ்பிரேயர்.

அமைப்பு

பிளாஸ்டிக் குடுவை, தலையில் பம்ப், கட்டைவிரலால் அழுத்தும் விசை, திருகி மாற்றும் பித்தளை முனை. முனையை இறுக்கினால் பனிபோல் தூவும். தளர்த்தினால் கம்பியாகப் பாயும். குடுவையை முழுக்க நிரப்பக் கூடாது. ஒன்றரை லிட்டரோடு நிறுத்தினால்தான் காற்றழுத்தம் ஏற இடமிருக்கும். பம்ப் அடித்து விசையைப் பூட்டிவிட்டால் தானாகத் தெளிக்கும். கண்ணாடி துடைக்கும் பாட்டில்போல ஒவ்வொரு முறையும் விரலால் இழுக்க வேண்டியதில்லை. விசைப்பூட்டும், அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் இல்லாத மாடலை வாங்காதீர்கள்.

எதை ஊற்றுவது

லிட்டருக்கு 10 கிராம் காதி சோப்பைத் துருவி, வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினேன். இது ஒரு சதவீதக் கரைசல். இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் இலை கருகும் ஆபத்து கூடும். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் துலக்கும் லிக்விடும் டிடர்ஜெண்ட், சோப்பு அல்ல. அவை இலையைச் சுட்டுவிடும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வேம்பு சோப்பு, புங்கம் சோப்பு கிடைத்தால், உறையில் சொன்ன அளவில் கரைக்கலாம்.

போர்வெல் தண்ணீர் இந்தக் கருவிக்குப் பகை. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரியும். மருந்தின் வீரியம் போவதோடு முனையும் அடைபடும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றியபோது அடைப்பே வரவில்லை.

அடிக்கும்போது

அவரைக் கொடியில் இது அபாரம். பந்தலில் ஏறிய கொடிக்கு இலையின் அடிப்பக்கம் நம் முகத்துக்கு நேரே இருக்கிறது. கொழுந்திலும் பூங்கொத்திலும் மொய்த்த கறுப்பு அசுவினிமீது கரைசல் சொட்டச் சொட்ட நனைத்தேன். மறுநாள் பெரும்பாலானவை வதங்கிக் கிடந்தன. அசுவினி கழிக்கும் இனிப்புக்காக ஏறிய எறும்புகளும் குறைந்தன.

கத்தரியில்தான் குறை தெரிகிறது. தாழ்ந்த செடிக்குக் கீழிருந்து அடிக்கக் குடுவையைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழாய் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுகிறது. முனையில் காற்றும் நுரையும்தான் வரும். ஒரு கையால் இலையைத் திருப்பிப் பிடித்து மறு கையால் அடிக்க வேண்டியதாயிற்று. பத்துத் தொட்டிக்குச் சரி. ஐம்பது தொட்டிக்குக் கை கடுக்கும். தோளில் மாட்டும் 5 லிட்டர் மாடலில் நீண்ட குழலும் வளைந்த முனையும் உண்டு. நண்பர் வீட்டில் அதை வைத்து அடித்துப் பார்த்தபோது இந்தத் தொல்லையே இல்லை.

மாலை வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். கரைசல் மெல்ல உலர்ந்தால் வேலை செய்ய நேரம் கிடைக்கும். கடும் வெயிலில் இலையும் வாடும். முதலில் ஓரிரு இலைகளில் அடித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. முட்டைகள் தப்பிவிடுவதால் வாரம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

எதற்கு உதவாது

மாவுப்பூச்சியின் குஞ்சுகள் சாகும். மெழுகு போர்த்திய பெரியவை எளிதில் சாகாது. முனையைத் தளர்த்திப் பீய்ச்சி அவற்றை உதிர்த்துவிட்டு, பிறகு தூவலுக்கு மாறினால் பலனுண்டு. கத்தரிக் காய்த்துளைப்பான் காய்க்குள் பத்திரமாக இருப்பதால் எந்த ஸ்பிரேயரும் எட்டாது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்துவிட்டால், அதைப் பரப்பிய வெள்ளை ஈயைக் கொன்றாலும் செடி தேறாது, பிடுங்கிவிட வேண்டியதுதான். பொறிவண்டின் புழுக்கள் அசுவினியைத் தின்னும் நண்பர்கள்; அவற்றின்மேல் சோப்பு பட்டால் அவையும் சாகலாம். அவை இருக்கும் கொத்தை விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றி, கழுவி, வெறும் தண்ணீரை ஒருமுறை அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் சோப்பு முனையில் உறைந்துவிடும். களைக்கொல்லி ஊற்றிய ஸ்பிரேயரைக் காய்கறிச் செடிப்பக்கம் கொண்டுவரவே கூடாது.

வாங்கலாமா?

பந்தல் கொடிகளும் சில தொட்டிகளும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 2 லிட்டர் மாடல் போதும். கத்தரி, மிளகாய், வெண்டை என்று மாடி நிறைய வளர்ப்பவர்கள் கூடுதல் பணம் கொடுத்து, குழல் உள்ள 5 லிட்டர் மாடலை வாங்குங்கள். கடையில் குடுவையின் கொள்ளளவைக் கேட்பதற்கு முன் முனை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.