காற்றை உள்ளே வைத்த சுவர்

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய கட்டுமுறைகளில் என் மனம் கவர்ந்தது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் நிறுத்துவார்கள். 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குலம் வெறும் காற்று. வெளிமுகம் வெயிலில் கொதித்தாலும் அந்தக் காற்று சூட்டை எளிதில் உள்ளே விடாது. செங்கல்லிலும் ஏறத்தாழ 25 சதவீதம் மிச்சம்.

பூச்சு வேண்டாம் என்பதுதான் இதன் பேரழகு. சூளையில் ஒவ்வொரு கல்லும் வாங்கிய நிறம் அப்படியே தெரியும். கொத்தனாரின் கைநேர்த்தியும் தெரியும். பிசகை மூடி மறைக்க இங்கே வழியே இல்லை. பிசகாமல் கட்டும் கொத்தனார் கிடைப்பது பெரும் பேறு!

கூரையிலும் பேக்கருக்கு அதே சிக்கனம். கான்கிரீட்டின் அடிப்பகுதி பாரம் தாங்க அதிகம் உதவாது. அங்கே கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளைப் பதித்துவிடுவார். சிமென்ட் குறையும், கூரையின் எடையும் குறையும்.