ஏட்டில் இல்லாத பிள்ளைகள்

"நூற்றுக்கு எத்தனை பேர் தேறினர்?" என்று கேட்கிறது உலகம். "அந்த நூறு பேரும் எங்கே?" என்று கேட்பார் எவருமில்லை!

இங்கிலாந்தைப் பாருங்கள், தோழர்களே! 2010-ஆம் ஆண்டு அகாடமிகள் சட்டத்திற்குப் பின், பல பள்ளிகளை ஒரே அறக்கட்டளை ஆளும் முறை அங்கே பரவிற்று. பணம் அரசினுடையது, ஆட்சி அறக்கட்டளையினுடையது. எது சிறந்தது என்று நிறுத்துப் பார்க்கத் தராசு வேண்டுமே! 2016 முதல் 'புரோகிரஸ் 8' என்னும் அளவுகோல் வந்தது. பதினோரு வயதில் மாணவன் நின்ற நிலை, பதினாறில் அவன் எய்திய நிலை. இடைப்பட்ட வளர்ச்சிக்கு மதிப்பெண். பள்ளியையும் அறக்கட்டளையையும் அதைக்கொண்டே நிறுத்தனர். வெறும் தேர்ச்சிக் கணக்கைவிட இது நேர்மையானது, மறுக்கவில்லை.

ஆனால் எவரை எண்ணினர்? இறுதியாண்டின் சனவரித் திங்களில் ஏட்டிலே பெயர் உள்ளவரை! அதற்குமுன் வெளியேறியவனின் தோல்வி பள்ளியின் கணக்கில் ஏறாது. நான்காண்டுகள் வகுப்பிலே அமர்ந்திருந்தவன், பெயர்மீது ஒரு கோடு விழுந்ததும், வந்தே இராதவன் ஆகிவிடுகிறான்!

பள்ளி ஆய்வுத் துறையான ஆஃப்ஸ்டெட் 2018-இல் தந்த கணக்கு இது: பத்தாம் ஆண்டுக்கும் பதினோராம் ஆண்டுக்கும் இடையில் ஏட்டினின்று மறைந்தோர் சுமார் 19,000 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அரசு நிதி பெறும் வேறெந்தப் பள்ளியிலும் தென்படவில்லை. அனைவரும் துரத்தப்பட்டோர் என்று கூறமாட்டேன், குடிபெயர்ந்தோரும் இருப்பர். எனினும், எட்வர்ட் டிம்ப்சன் 2019-இல் அளித்த அறிக்கையைப் புரட்டுங்கள். நிரந்தர நீக்கங்களில் 78 விழுக்காடு எவர் தலையில் விழுந்தது? சிறப்புக் கல்வித் தேவையுடையோர், இலவச உணவுக்குரிய ஏழைகள், சமூகநலத் துறையின் கவனிப்பில் உள்ளோர்! மெலிந்த தோள்மீதே கோல் விழுகிறது.

2025 நவம்பர் முதல் ஆஃப்ஸ்டெட், பள்ளியின் அரவணைப்புக்கெனத் தனி மதிப்பீடு வழங்குகிறது. வரவேற்போம். ஆனால் பத்துப் பள்ளிகளை ஆளும் அறக்கட்டளை, எளியோர் அனைவரையும் ஒரே பள்ளியில் குவித்துவிட்டு ஒன்பதின் கதவைச் சாத்தினாலும், சராசரி அழகாகவே இருக்குமே! ஆகவே, பள்ளிதோறும் மூன்று வினாக்கள் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வாழும் ஏழைப் பிள்ளைகளின் விகிதம் வகுப்பறையிலும் உண்டா? இடையில் போனவர் எத்தனை பேர், போன இடம் எது? போனவரின் தேர்வு முடிவு, அவர் பயின்ற காலத்திற்கேற்பப் பழைய பள்ளியின் கணக்கில் சேருமா?

"ஒருவனால் முப்பது பேர் கெடலாமா?" என்பர் சிலர். வகுப்பறையில் நிற்பவன் நான்; அந்தத் தொல்லையை அறிவேன். நீக்கியே தீரவேண்டிய நாளும் வரலாம். நீக்குங்கள், ஆனால் அவன் கணக்கைச் சுமந்துகொண்டே நீக்குங்கள்!

ஒவ்வொரு காலையும் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறேன். பெயரை அடிக்க அரை நொடி போதும். அடிபட்ட பெயருக்கும் ஒரு வாழ்வு உண்டு. அதை எண்ணாத அளவுகோல் பள்ளியை அளக்கவில்லை. பள்ளியின் வாயிற்கதவுக்குப் பரிசளிக்கிறது!